கணுவுக்குக் கீழே

கொடித் தண்டைக் கணுவுக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டு வெட்ட வேண்டும், சாய்த்து வெட்ட வேண்டும், நசுக்கக் கூடாது, சமையல்கட்டுக் கத்தரிக்கோல் நசுக்கிவிடும், அதனால் அவருடைய பழைய சவர பிளேடு, மணி பத்தே முக்கால். பத்தரைக்குள் கூப்பிடுகிறோம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களுடைய பத்தரை என்பது பதினொன்று, பதினொன்று என்பது பதினொன்றரை, ஐந்து வருஷமாகப் போய்வருகிற எனக்கு இதுகூடவா தெரியாது, தெரியும், தெரிந்தும் ஒன்பது மணியிலிருந்து காது தெருவில்தான் கிடக்கிறது. ஒன்பது மணிக்கு எங்கள் கருவை வெளியே எடுத்திருப்பார்கள். ஒன்றரை வருஷமாக லேபில் உறைந்து கிடந்த கரு. அதை உருக்குவார்கள், உருகிப் பிழைத்துக்கொண்டால் கிளம்பி வாங்க என்று ஃபோன் வரும், ஒரு மணிக்கு எனக்குள் வைப்பார்கள். பிழைக்காவிட்டாலும் ஃபோன் வரும், வர வேண்டாம் என்பார்கள். மொத்தம் ஆறு இருந்தன, மூன்று தடவையில் ஐந்து போயிற்று, இது ஆறாவது, இதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எனக்கு நாற்பத்தொன்று. மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் ஸ்கேனில் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியும், அதனால் பதினொன்றரைக்கு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு வரச் சொன்னாள் நர்ஸ். நான் பத்து மணிக்கே ஆரம்பித்து ஐந்து டம்ளர் குடித்துவிட்டேன். நான் தயாராக இருந்தால் அதுவும் பிழைத்தாக வேண்டும் என்று ஒரு கணக்கு. ஏழாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் போடுகிற கணக்கு இது. அடிவயிறு இப்போதே கல்லாகிவிட்டது, பால்கனியில் முக்காலியின் நுனியில் முழங்கால்களை ஒட்டிவைத்து உட்கார்ந்திருக்கிறேன், அடுத்த தண்டு, கீழ் இலைகள் இரண்டைக் கிள்ளு, தண்ணீருக்குள் இலை போனால் அழுகும்.

ஃபோன் வருவது எனக்கல்ல, என் வீட்டுக்காரருக்கு. பதிவு செய்த முதல் நாள் படிவத்தில் தொடர்பு எண் என்ற கட்டத்தில் தன்னுடையதை எழுதிவிட்டார், கேஸுக்கு, கரண்டுக்கு, வங்கிக்கு எழுதுகிற பழக்கத்தில். கர்ப்பப்பை என்னுடையது, எண் அவருடையது. மாற்றச் சொல்ல நினைத்துக்கொண்டே ஐந்து வருஷம் ஓடிவிட்டது. மூர்த்தி, ஈஸ்வரமூர்த்தி, மோட்டார் பம்பு கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவு, குறையுள்ள பம்பைத் தட்டிப்பார்த்தே சொல்லிவிடுவார் என்று அங்கே பெயர். அவர் கீழே கார் கழுவிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது மாடிக் கம்பி வழியாக அவருடைய வழுக்கை விழ ஆரம்பித்த உச்சந்தலை தெரிகிறது, சட்டைப் பையில் ஃபோன் துருத்திக்கொண்டிருப்பதுகூடத் தெரிகிறது. முன்பு மூன்று தடவையும் பத்து அடிக்கும் முன்னே கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று தடவையும் அவர் ஹாலிலிருந்து "வரச் சொல்லிட்டாங்க வாணி" என்று கத்தினார். இன்றைக்குக் காரைக் கழுவுகிறேன் என்று காலையிலேயே வாளியோடு இறங்கிவிட்டார். நேற்று மழையில் நனைந்து பளபளவென்று நின்ற கார் அது. வீட்டுக்குள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க அவரால் முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம், என்னாலும் முடியவில்லை, அதனால்தான் இந்தக் கொடி வேலை. அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், நானும் சொல்லவில்லை.

கொடி வேலைக்கு ஒரு காரணமும் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை முதல் மாடி தாரணிக்கு வளைகாப்பு. வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு பிளாஸ்டிக் டப்பா கொடுப்பது எல்லாரும் செய்வதுதானே, செடி கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று அந்தப் பெண்தான் வந்து கேட்டாள், "உங்க ஐவி மாதிரி ஒண்ணு எங்கயும் பாத்ததில்லீங்க்கா, முப்பத்தாறு கன்னு போட்டுத் தர்றீங்களா?" மறுக்கத் தோன்றவில்லை. இருபத்திரண்டை வேர்விட வைத்துக் காகிதக் கப்புகளில் தேங்காய் நார்த்தூள் போட்டு நட்டாயிற்று, இன்னும் பதினான்கு பாட்டில்களில் இருக்கின்றன, கூடுதலாகக் கொஞ்சம் வெட்டிவைக்கிறேன், எப்படியும் சிலது சாகும். தண்ணீரில் விட்ட வேர் வெள்ளை வெளேரென்று பார்க்க நன்றாக இருக்கும், மண்ணுக்கு மாற்றினால் ஒரு வாரத்தில் பாதி சுருண்டுவிடும், ஏன் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர், ஒரே வெளிச்சம், ஒரே கை. டாக்டரம்மாவிடம் ஏன் என்று கேட்டபோது அவரும் இதைத்தான் சொன்னார், கரு நல்ல தரம், கர்ப்பப்பையில் குறை இல்லை, சில சமயம் ஒட்டுவதில்லை. சில சமயம். அந்தச் சொல்லை எடுத்து அவர் மேஜைக் கண்ணாடியின் மேல் ஓங்கி அடிக்க வேண்டும் போலிருந்தது, சரிங்க டாக்டர் என்று எழுந்து வந்தேன்.

இந்தக் கொடியே அங்கே திருடியதுதான். காத்திருக்கும் கூடத்தின் மூலையில் ஒரு பெரிய பீங்கான் தொட்டியில் ஐவி வைத்திருப்பார்கள், ஐந்து முனை இலை, ஓரத்தில் வெள்ளைக் கரை. பக்கத்து நாற்காலியில் உடுமலைப்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு பெண், எட்டு வருஷமாம் அவளுக்கு, என் காதோரம் குனிந்து, "கொடியெல்லாம் கேட்டு வாங்கி வெச்சா வராதுங்க, யாரும் பாக்காம கிள்ளிக்கோணும், அப்பத்தான் ஊட்டுல ஒண்ணு தழைக்கும்" என்றாள். மணி பிளாண்டுக்குச் சொல்வதை இதற்கும் சொல்கிறாளே என்று மனசுக்குள் சிரித்தேன். சிரித்துவிட்டு எழுந்துபோய்க் கைக்குட்டை விழுந்த மாதிரி குனிந்து ஒரு சாண் தண்டைக் கிள்ளி ஸ்கேன் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் பார்த்தேன், அந்தத் தொட்டியில் சுவர்ப் பக்கம் மட்டும்தான் கொடி அடர்ந்து தொங்கியது, நாற்காலிகளைப் பார்த்த பக்கம் வெறும் மொட்டைத் தண்டு. எத்தனை பேர் கிள்ளியிருக்கிறோம். படித்தவள், படிக்காதவள், பேங்க் மேனேஜர், ஒவ்வொருத்தியும் கைக்குட்டையைக் கீழே போட்டிருக்கிறாள். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, சிரித்தால் மூத்திரம் முட்டுகிறது, சிரிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டேன், பதினெட்டாம் நாள் வேர். எனக்குக் கை ராசி என்று எல்லாரும் சொல்லும்படி பால்கனிக் கம்பி முழுக்கப் படர்ந்தது, எந்தத் தண்டை எங்கே செருகினாலும் பிடித்தது. எனக்கு வர வேண்டியதையெல்லாம் இது குடித்துவிட்டதோ என்று ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது வாய்விட்டே சொன்னேன், அவர் தட்டைப் பார்த்தபடி, "அது செடி வாணி" என்றார். செடிதான். தெரியும். தண்டின் சாறு பட்டு விரல் இடுக்கெல்லாம் அரிக்கிறது.

இதோட போதும். போன மாதம் ஆஸ்பத்திரியில் கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு மேம்பாலத்தில் வரும்போது அப்படித்தான் சொன்னார், "இதோட போதும் வாணி." வலதுபக்கம் லாரி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது, அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நீ பட்டது போதும் என்றாரா. நான் பட்டது போதும் என்றாரா. ஊசி போட்டுப் போட்டு வயிறு முழுக்க நீலம் பாய்ந்து கிடந்ததைப் பார்த்து ஒரு நாள் அவர் வெளியே போய் மோட்டார் ஸ்விட்சைத் தேவையில்லாமல் இரண்டு தடவை போட்டு அணைத்தது எனக்குத் தெரியும், அதனால் முதலாவதுதான், எனக்காகத்தான். ஆனால் போதும் என்று சொன்னபோது அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது, பள்ளிக்கூடத்தில் கடைசிப் பரீட்சை முடிந்து வருகிற பையனுடைய நிம்மதி, அதை நான் கேட்டேன், நிச்சயமாகக் கேட்டேன். அவர் நிம்மதியாக இருக்கக் கூடாதா. கூடாது. நான் நிம்மதியாக இல்லாதபோது அவர் எப்படி இருக்கலாம். இந்த ஒரு மாதத்தில் இதைத் திருப்பித் திருப்பி எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன், லாரி ஏறுகிறது, அவர் சொல்கிறார், லாரி ஏறுகிறது, அவர் சொல்கிறார், ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் மாறுகிறது, இப்போது அசல் குரல் எது என்றே தெரியாமல் போய்விட்டது. பதினொன்று அடித்துவிட்டது. பிளேடு கட்டைவிரலில் லேசாகக் கீறிவிட்டது, ரத்தம் இல்லை.

ரத்தம் என்று நினைத்திருக்கக் கூடாது. நினைத்தாயிற்று. இரண்டாவது தடவை ஒட்டியது. யாருக்கும் தெரியாது, எனக்கும் அவருக்கும் அந்த ரத்தப் பரிசோதனைத் தாளுக்கும்தான் தெரியும், நான் ஒன்பது நாள் கர்ப்பமாக இருந்தேன். ஒன்பது நாளும் வாளி தூக்கவில்லை, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கினேன், எதிரே ஓடிவருகிற பிள்ளைகளைப் பார்த்து இரண்டு கையையும் வயிற்றுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பல் வைத்தியத்துக்கு லீவு என்றுதான் எப்போதும் எழுதிக்கொடுப்பேன், ஐந்து வருஷமாகப் பல் வைத்தியம், தலைமையாசிரியை என்மேல் இரக்கப்பட்டு மூலிகைப் பற்பொடி ஒன்று வாங்கிக்கொடுத்தார், இன்னும் குளியலறை அலமாரியில் இருக்கிறது. பத்தாம் நாள் அரைப்பரீட்சை, எட்டாம் வகுப்பு சி பிரிவு அறையில் நான் மேற்பார்வை. சமூக அறிவியல். பதினொன்றே கால் இருக்கும், தொடையில் சூடாக இறங்கியது. மாற்று ஆசிரியர் வராமல் அறையை விட்டுப் போகக் கூடாது என்பது விதி, வராந்தாவில் அலையும் ஆயாவைக் கூப்பிட்டுச் சொல்லியனுப்பினேன், சொல்லியனுப்பிய பிறகு நாற்பது நிமிஷம் யாரும் வரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றேன். ஒரு பெண் எழுந்து கூடுதல் தாள் கேட்டாள், நடந்துபோய்க் கொடுத்தேன், நூல் கட்டத் தெரியாமல் விழித்தாள், கட்டிக்கொடுத்தேன். கத்தியிருக்கலாம். ஓடியிருக்கலாம். விதியாவது மண்ணாவது. ஆனால் அடக்கிக்கொண்டால் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது, அசையாமல் நின்றால், இறுக்கிக்கொண்டு நின்றால், உள்ளே இருப்பது உள்ளேயே இருந்துகொள்ளும் என்று. அது அப்படி நிற்கிற விஷயமில்லை என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். எனக்கு அதை நம்ப இன்னும் மனசு வரவில்லை, அந்த நாற்பது நிமிஷத்தில் ஏதோ ஒரு இடத்தில் நான் விட்டுவிட்டேன், எந்த இடம் என்றுதான் தெரியவில்லை.

அழைப்பு மணி. எழுந்தவுடன் அடிவயிறு பாரமாகத் தொங்கியது, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன். அவராக இருந்தால் சாவி இருக்கிறது, மணி அடிக்கமாட்டார் என்று தெரிந்தும் அவர்தான் என்று போனேன். சௌந்தரம் அம்மா, தாரணியுடைய மாமியார். கையில் ஒரு தூக்குப் போசி நிறைய வெல்லப் பலகாரம். "அம்மிணி, கச்சாயம் சுட்டனுங்க, சூடா இருக்குது, கொண்டாந்தேன்" என்றவர் உள்ளே வராமல் வாசல் மிதியடியிலேயே நின்றார். உட்காரச் சொன்னேன். "இல்லீங்க அம்மிணி, அடுப்புல வேலை கெடக்குது. ஒண்ணு சொல்லீட்டுப் போலாம்னு வந்தனுங்க. அந்தச் செடி..." என்று இழுத்தார். "இருபத்திரண்டு நட்டாச்சுங்க, மீதியும் சனிக்கிழமைக்குள்ள ஆயிரும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் என் தோளுக்குப் பின்னால் பால்கனியைப் பார்த்தார். "அதுதானுங்க. எங்கூட்டுக்காரரு டப்பாவே எடுத்துட்டு வந்துட்டாருங்க. நாந்தான் சொன்னேன், அந்த அம்மிணி மெனக்கெட்டுச் செஞ்சுட்டு இருக்குதுங்கன்னு. சின்னப்புள்ள, அவளுக்கு ஒண்ணுந் தெரியாது, வந்து கேட்டுப்போட்டா. வளைகாப்பு பாருங்க, வாரவங்க நாலு விதமாப் பேசுவாங்க, யாரு குடுத்தது எவரு குடுத்ததுன்னு. தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி." கெட்டவர் இல்லை. போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் ரசம் வைத்துக் கொடுத்தவர் இவர்தான். கண் கலங்கித்தான் இருந்தது அவருக்கு. கண் கலங்கிக்கொண்டே இதைச் சொல்ல முடிகிறது பாருங்கள். "அதனால என்னங்க, பரவாயில்லீங்க" என்றேன். "நீங்க கண்டிப்பா வந்தரோணும், சாப்பாட்டுக்கு வந்தரோணும்" என்றார். சாப்பாட்டுக்கு. வளையல் போடுவது பத்து மணிக்கு, சாப்பாடு பன்னிரண்டரைக்கு, கணக்கு டீச்சருக்குக் கழிக்கத் தெரியாதா. கச்சாயத்தைத் தட்டில் கொட்டிக்கொண்டு போசியைக் கழுவிக் கொடுத்தேன். வெறும் போசியாகக் கொடுக்கக் கூடாது என்று ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். அதை மறக்கவில்லை நான்.

கோபம் வந்திருக்க வேண்டும். கோபம் என்று ஒன்று வர உள்ளே இடமில்லை. பால்கனிக்கு வந்து இருபத்திரண்டு கப்புகளையும் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் தாரணி பெயரும் தேதியும் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, அவளே ஆசையாக ஒட்டியது. பிடுங்கி எறியலாம். எறிந்தால் கீழே அவர் தலையில் விழும். இல்லை, இப்போது எதையும் பிடுங்கக் கூடாது, இன்றைக்குக் கூடாது, ஒரு உயிர் அங்கே கண்ணாடித் தட்டில் பிழைப்பதா வேண்டாமா என்று கிடக்கும்போது நான் இங்கே வேரைப் பிடுங்கக் கூடாது, இது மூடத்தனம், இருக்கட்டும், உடுமலைக்காரி சிரிக்கட்டும். மீதிப் பதினான்கையும் நடப்பேன், யாருக்கு என்று கேட்காமல் நடப்பேன். கப்பை எடுத்து நார்த்தூளை நிரப்பும்போது சும்மாதான் கீழே பார்த்தேன். அவர் ஃபோனைக் காதில் வைத்திருந்தார். ஈரத்துணி இன்னொரு கையில், தண்ணீர் சொட்டிச் சொட்டி அவர் செருப்பில் விழுகிறது, அவர் காலை நகர்த்தவில்லை. கம்பெனி ஃபோனாக இருக்கும். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, பம்பு லாட் வெளியே போகும் நாள், செவ்வாய்க்கிழமைகளில் கூப்பிடுவார்கள். ஆமாம் ஆமாம் என்று தலை இரண்டு தடவை ஆடியது. கம்பெனி என்றால் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார், திட்டுவார். பேசி முடித்து ஃபோனைப் பையில் வைத்தார். நிமிர்ந்து மேலே பார்ப்பார், வரச் சொல்லிட்டாங்க வாணி என்று தெருவே கேட்கக் கத்துவார், கத்தட்டும், சௌந்தரம் அம்மாவுக்கும் கேட்கட்டும். அவர் மேலே பார்க்கவில்லை. குனிந்து துணியைப் பிழிந்தார். பின்கதவுக் கண்ணாடியைத் துடைத்தார். அது துடைத்த கண்ணாடி. மறுபடி துடைத்தார். மேலிருந்து கீழாக, பிறகு வட்டமாக, பிறகு மேலிருந்து கீழாக, அந்த ஒரே கண்ணாடியை. கம்பெனி ஃபோன்தான். லாட் ஏதோ திரும்பி வந்திருக்கும், அந்தக் கவலை. ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னும் கூப்பிடவில்லை, தாமதம் என்றால் நல்லதுதான், உருகி எழ நேரம் எடுக்கிறது, எழுந்துகொண்டிருக்கிறது, லேபில் அந்த நீலத் தொப்பிப் பெண் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாணி என்று அவரைப் பார்த்துக் கூப்பிட வாயெடுத்தேன், என் பெயரை நானே சொல்ல வந்தேன், அவர் சொல்வதற்கு முன்னால். பதினொன்று இருபது. ஆறாவது டம்ளரைக் குடித்தேன். 

படியேறி வந்தார், லிஃப்ட் இருந்தும். மூன்று மாடி. சாவி பூட்டைத் தேடித் தேடிக் குத்துவது கேட்டது. நான் திரும்பவில்லை, கையில் தண்டு இருந்தது, வேர் நான்கும் விரலில் ஒட்டியிருந்தது, அதை அறுபடாமல் குழிக்குள் இறக்க வேண்டும். பால்கனி வாசலில் வந்து நின்றார், சோப்பு வாசனை. "செடி இன்னும் எத்தனை இருக்குது?" என்றார். "பதிமூணுங்க" என்றேன். தாரணி வீட்டில் வேண்டாம் என்று சொன்னதைச் சொல்லவில்லை, அதைச் சொன்னால் அவர் உட்கார்ந்துவிடுவார், உட்கார்ந்தால் பேசுவார். "நீலப் புடவையை எடுத்து வெச்சிருக்கேனுங்க. ஃபைலும் மேஜை மேலதான் இருக்குது" என்றேன். அவர் காலி டம்ளரையும் குடத்தையும் பார்த்தார். "எவ்வளவு தண்ணி குடிச்ச?" என்றார். "ஆறு டம்ளர்." என் பக்கத்தில் குந்தினார், முழங்கால் இரண்டும் சடக்கென்று சத்தம் போட்டன, ஈரக் கையை என் முதுகில் வைத்தார், ரவிக்கை நனைந்து சில்லிட்டது.  பிறகு, குழந்தையிடம் சொல்வதுபோல மெதுவாக, "பாத்ரூம் போய்ட்டு வா கண்ணு" என்றார்.

குழிக்குள் தண்டை இறக்கினேன். தூளைச் சுற்றிலும் போட்டு விரலால் லேசாக அழுத்தினேன். அடுத்த பாட்டிலை எடுத்தேன். "இன்னும் மணி ஆகலீங்க" என்றேன். "வாணி" என்றார். "ஒரு மணிக்குத்தானுங்க" என்று சொல்லிவிட்டு முழங்கால்களை இன்னும் இறுக்கிச் சேர்த்துக்கொண்டேன், எழுந்திருக்கவில்லை.